பேய் அமுக்கவில்லை, கட்டுவிரியன் கடித்திருக்கிறது

ஆயுத பூஜை விடுமுறை தொடங்கித் தீபாவளி முடியும் வரை, 'திகில் சுற்றுலா' என்று சொல்லிக்கொண்டு கூடலூர், பந்தலூர் பக்கம் இளைஞர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். வயநாட்டு லக்கிடியில், ஆவி ஒன்றைச் சங்கிலியால் கட்டி வைத்திருப்பதாகச் சொல்லப்படும் 'சங்கிலி மரத்தை'ப் பார்த்துவிட்டு, 1880ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் தங்கம் தேடித் தோண்டிக் கைவிட்ட தேவாலா சுரங்கங்களைச் சுற்றி வந்து, இடிந்து கிடக்கும் ஏதாவது ஒரு எஸ்டேட் கட்டடத்தில் இரவைக் கழித்து வீடியோ எடுப்பது அவர்களுடைய திட்டம். எல்லையோர மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எனக்கு, அந்தத் திட்டத்தின் மறுநாள் காலை எப்படி விடியும் என்பது நன்றாகத் தெரியும்.

இந்த ஐப்பசியில் வந்தவருக்கு வயது 22. நண்பர்கள் நால்வருடன் தரையில் தார்ப்பாய் விரித்துப் படுத்தவர், அதிகாலை மூன்று மணிக்கு வயிற்றுவலியோடு எழுந்து இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார். இரவு சாப்பிட்ட பரோட்டா சேரவில்லை என்று எண்ணி எல்லோரும் மறுபடி படுத்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு அவருக்கு இமைகள் சரிந்து, நாக்கு குழறி, நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமுக்குவதுபோல் இருக்கிறது என்று சொன்னதும், அந்தக் கட்டடத்தில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் பிடித்துக்கொண்டது என்று முடிவு செய்து, மந்திரிப்பவர் ஒருவரின் வீட்டுக்குக் காரை விட்டிருக்கிறார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது மணி எட்டரை. நெற்றி நிறையத் திருநீறு, மணிக்கட்டில் புதிய சிவப்புக் கயிறு, சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம். மூச்சுக்குழாய் போட நாங்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையிலும், "கடித்த அடையாளமே இல்லை சார், பாம்பாக இருக்க வாய்ப்பே இல்லை" என்று நண்பர் ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார்.

நான் அந்த இளைஞருடைய இமையை விரலால் தூக்கிப் பிடித்து, "தம்பி, நான் பேசுவது கேட்டால் கால் கட்டைவிரலை அசையுங்கள்" என்றேன். வலது கட்டைவிரல் மெல்ல அசைந்தது. ஆறு நாள் வெண்டிலேட்டரில் இருந்து பிழைத்த அவர், பேச்சு திரும்பியதும் முதலில் சொன்னது, காரில் வரும்போது "போயிட்டான்டா" என்று நண்பர்கள் அழுததெல்லாம் தன் காதில் விழுந்தது என்பதைத்தான்.

கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை, ஆகவே பாம்பு இல்லை என்ற இந்தக் கணக்கை எத்தனை முறை மறுத்தாலும் அது சாகாமல் திரும்பி வருகிறது. மலையாளத்தில் வெள்ளிக்கெட்டன் என்று அழைக்கப்படும் கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் உறங்குபவரின் பக்கத்தில் ஊர்ந்து வந்து, அவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். அதன் பற்கள் மிகச் சிறியவை. எறும்பு கடித்த அளவு வலிகூடச் சிலருக்கு இருக்காது. பலர் விழிப்பதே இல்லை. பல் தடத்தை விளக்கடியில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. நஞ்சு நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்குவதால், முதலில் இமை சரிகிறது, அடுத்துத் தொண்டை விழுங்க மறுக்கிறது, கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகள் ஓய்கின்றன. நெஞ்சை அமுக்குவதுபோல் தோன்றுவது அந்த ஓய்ச்சலால்தான். தூக்கத்தில் 'அமுக்குவான் பேய்' அமுக்கியதாக நாம் சொல்லும் சாதாரண அனுபவம் ஓரிரு நிமிடங்களில் தானாக விலகிவிடும். விழித்த பிறகும் இமை திறக்கவில்லை என்றால் அது வேறு, அங்கே ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

நல்ல பாம்புக் கடியில் ஓரளவு கைகொடுக்கும் நியோஸ்டிக்மின் ஊசி, நரம்பு முனையையே சிதைத்துவிடும் கட்டுவிரியன் நஞ்சுக்கு அநேகமாகப் பயன்படுவதில்லை. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் நஞ்சைக் கொண்டு தயாராகும் விஷமுறிவு மருந்தும், நஞ்சு நரம்பில் பதிவதற்கு முன் ஏறினால்தான் முழுப் பலன் தரும். எலுமிச்சம்பழத்துக்காகச் செலவான மூன்றரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாம்பைத் தவிர்த்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. பழைய சுரங்கத்துக்குள் காற்று கெட்டிருக்கும், புதர் மூடிய செங்குத்துக் குழிகள் வாய் திறந்து கிடக்கும். யானை எந்தத் தேயிலைச் சரிவிலிருந்தும் இறங்கும். ஊர் திரும்பிய ஒன்றிரண்டு வாரங்களில் கடும் காய்ச்சலும், உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்பொருக்கும் கண்டால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சங்கிலி மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலையேறும் வழியை ஆங்கிலேயருக்குக் காட்டிக் கொடுத்த பிறகு கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் கரிந்தண்டனின் ஆவியைத்தான் அந்த மரத்தில் கட்டியிருப்பதாகக் கதை. அவர் இங்குள்ள பணியர் பழங்குடி மக்களுக்கு மூதாதை. என் வார்டில் படுத்திருக்கும் பணியர் பெரியவர்களின் காதுபட அவரைப் 'பேய்' என்று சொல்லிச் சிரிக்காதீர்கள்.

வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகலில் வந்து பாருங்கள். கூடலூர் – மைசூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வந்து, கேட் மூடியபின் கிடைத்த இடத்தில் படுக்காதீர்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் ஓரடிகூட வைக்காதீர்கள். யாருக்காவது காரணமில்லாமல் வயிறு வலித்து இமை சரிந்தால், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்காதீர்கள், பாம்பைத் தேடி அலையாதீர்கள். நடக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். வெண்டிலேட்டர் உள்ள மருத்துவமனை எது என்பதை அவர்களிடமே கேளுங்கள். உங்கள் தாயாருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லும் வேலையை எங்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இரவு தங்கியே ஆக வேண்டுமென்றால், கதவு சரியாக மூடும் அறையில், கட்டிலில், கொசுவலையின் நான்கு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.