பழைய பலகை வீட்டைச் சிமெண்டு பூசிக் கெடுக்காதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டங்களை ஒட்டி நிற்கும் பழைய குடும்ப வீடுகளைப் பார்வையிட என்னை அழைப்பவர்கள், பெரும்பாலும் ‘வீட்டுக்கு வயதாகிவிட்டது, இனித் தாங்காது’ என்ற முடிவோடுதான் அழைக்கிறார்கள். கட்டடக்கலைத் தொழிலில் பழைய வீடுகளையே கவனித்து வரும் எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. அவ்வீடுகளில் நான் காணும் சிதைவில் பெரும்பங்கு, கடைசி இருபது முப்பது ஆண்டுகளில் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட பழுதுபார்ப்பால் வந்தது. கை வைக்காமல் விடப்பட்ட பகுதிதான் பல வீடுகளில் இன்னும் உறுதியாக நிற்கிறது.

1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது, எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தன. அந்தத் துயரத்துக்கு விடையாகவே இவ்வூரில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அக்காலத்திலும் அதற்கு முன்பும், சீட்டுப் பணத்தையும் நகையையும் சேர்த்து இரண்டு மூன்று ஏக்கர் பால்மரக் (ரப்பர்) காடு வாங்கிய குடும்பங்கள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டன. தரையிலிருந்து உயர்த்திய செங்கல் கால்கள், அவற்றின்மேல் மரத் தூண்கள், பலகைச் சுவர், முன்னால் திண்ணைபோல நீண்ட வராந்தா, பின்னால் தரையோடு அமைந்த சமையற்கட்டு, சற்றுத் தள்ளி ரப்பர் ஷீட் உருட்டும் மெஷின் கொட்டகை, அதற்கப்பால் மாட்டுக் கொட்டகை: இந்த அமைப்பை எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடுவார்கள். மலாய் தச்சரின் கைத்திறனும், சீனக் கொத்தனாரின் செங்கல் வேலையும், நம் வீட்டுப் பெரியவர்கள் சாமியறையையும் அடுப்பையும் எந்த மூலையில் வைப்பது என்று சொன்ன கணக்கும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தது இந்த வீடுகளில்தான். அரண்மனைகளையும் துரைமார் பங்களாக்களையும் காப்பதற்குச் சொல்லப்படும் நியாயம் எதுவும் இவற்றுக்குப் பொருந்தாமல் போகாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் இந்த மண்ணில், ஒரு பலகை வீடு நீடிப்பதற்கு அடிப்படையான காரணம் ஒன்றே: நனைந்தது மறுபடியும் காய்ந்துவிடுகிறது. வீட்டின் அடியில் காற்று ஓடுகிறது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே விட்ட சன்னச் சட்டங்களின் வழியாக வெப்பக் காற்று வெளியேறுகிறது. நீண்ட இறவாரம் சாரலைச் சுவரில் படவிடாமல் தள்ளிவிடுகிறது. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் அதில் வளர்வதில்லை. பழைய தச்சர்களிடம் இதை அளக்கும் கருவி இல்லாவிட்டாலும், அவர்கள் வைத்த ஒவ்வொரு திறப்பும் அந்த வேலையைத்தான் செய்தது. அந்தத் திறப்புகளை நாம் ஒவ்வொன்றாக அடைக்கிறோம். வாடகைக்கு அறை வேண்டுமென்று வீட்டடியில் செங்கல் சுவர் எழுப்புகிறோம். குளிரூட்டி வைப்பதற்காகச் சட்டங்களைப் பிளைவுட்டால் மூடுகிறோம். முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டு, மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் வீட்டுக் கால்களை நோக்கி ஓடச் செய்கிறோம். சாலைக்குத் தார்மேல் தார் போட்டு உயர்த்தியதில் வீடு பள்ளத்துக்குள் போய்விட்ட இடங்களும் உண்டு. அங்கே முதலில் வேண்டியது வீட்டைச் சுற்றி ஒரு நல்ல வடிகால்.

ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் வராந்தாத் தூண்களைச் சோதித்தபோது கண்டதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தூண்கள் செங்கால் (chengal) என்னும் வன்மரம். ஒரு கன மீட்டர் 900 கிலோவைத் தாண்டும் அந்த மரம் கரையானுக்கும் எளிதில் இடங்கொடுக்காது. ஒரு தூணின் அடியில் மட்டும் சற்று வெடிப்புக் கண்டதால், வீட்டார் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுக் கலவையால் உறை போட்டு, அழகாக இருக்கட்டும் என்று மற்ற தூண்களுக்கும் அப்படியே செய்திருந்தார்கள். சிமெண்டு காயும்போது சுருங்கும். மரமோ ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி விழுந்துவிட்டது. மழைநீர் தூண் வழியே வழிந்து அந்த இடைவெளிக்குள் இறங்கி, வெளியேற வழியின்றி அங்கேயே தங்கியது. உறையை மெல்லத் தட்டி எடுத்துவிட்டு ஸ்குரூடிரைவரின் முனையால் குத்திப் பார்த்தேன். உறைக்கு மேலே அரை மில்லிமீட்டர்கூட இறங்காத முனை, உறை இருந்த இடத்தில் கைப்பிடி வரை இறங்கியது. இழுத்தபோது காப்பித்தூள்போல ஈரமான மரம் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி, “தம்பி, சிமெண்டு போட்டா கெட்டியா நிக்கும்னுதானே போட்டோம்?” என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். அவரிடம் வேறு யாரும் வேறு வழியைச் சொல்லவில்லை.

அந்தத் தூண்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை. உத்தரத்துக்கு ஜாக்கி கொடுத்துப் பாரத்தை வாங்கிக்கொண்டு, உளுத்த அடிப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இன மரத்தின் பழைய துண்டைச் சாய்வெட்டாகப் பொருத்தி, துருப்பிடிக்காத போல்ட்டால் இறுக்கினோம். அடியில் மரம் கல்லை நேரடியாகத் தொடாதபடி ஈயத் தகடு ஒன்றையும் வைத்தோம். இது எந்த நல்ல தச்சரும் செய்யக்கூடிய வேலை. ஒரு மரத்தின் துளையில் இன்னொன்றின் குடுமியை (செதுக்கிய முனையை)ச் செருகி மர ஆணியால் பூட்டிய பழைய வீடுகளில் ஓர் உறுப்பைக் கழற்றி மாற்ற முடியும் என்பதை வீட்டார் தெரிந்துவைத்திருந்தாலே பாதி வீடுகள் இடிபடாமல் தப்பும்.

செங்கல் கால்களுக்கும் இதே கதைதான். அக்காலச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புக் கலவையில் கட்டி, சுண்ணாம்பே பூசியிருப்பார்கள். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள் இருக்கையில் அதற்குப் பஞ்சமா? மண்ணிலிருந்து செங்கலுக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் ஏறினால், ஈரம் வெளியேற வழி தேடி இன்னும் மேலே ஏறும்; அதோடு வந்த உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, அதை உள்ளிருந்து பொடித்துவிடும். பூச்சு உப்பிக்கொண்டு உதிரும்போது மறுபடியும் சிமெண்டையே பூசுகிறார்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற பழைய கலவை இன்றும் செய்யக்கூடியதே. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். ஆகையால் மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் பொறுத்திருந்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும்.

கரையானைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் மண் குழாயைக் கண்டவுடன் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் வழக்கம். தட்டினால் அவை வேறு வழியாக ஏறும். புற்று அப்படியே இருக்கும். குழாயைக் கலைக்காமல் விட்டால், கரையான் தோல் உரித்து வளர்வதைத் தடுக்கும் மருந்து கலந்த இரையை அங்கேயே வைத்து முழுக் கூட்டத்தையும் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஒழிக்கலாம். ஆனால் ஒழுகும் கூரையையும் கசியும் தண்ணீர்க் குழாயையும் சரிசெய்யாமல் மருந்துக்கு மட்டும் செலவு செய்தால், ஈரத்தைத் தேடி அடுத்த கூட்டம் வரும்.

கூரையிலோ உட்கூரையிலோ சாம்பல் நிறத்தில் பழைய சிமெண்டுத் தகடு இருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் சென்றால் தீங்கு செய்யும் நார்) இருக்கக்கூடும். அதை உடைக்கவோ அறுக்கவோ துளையிடவோ கூடாது. உரிய முறை தெரிந்தவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும். கூரையில் ஓடு இருந்தால் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பிரான்சின் மார்சேய் அல்லது மங்களூர்ச் சூளையின் முத்திரை தென்பட்டால் அது நல்ல பழைய ஓடு; உடைந்தவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும் என்று பலர் கேட்கிறார்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களைப் பதிவுசெய்ய வழி தருகிறது. ஆனால் ஒரு சிறுதோட்டக்காரரின் பலகை வீடு அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. இடிப்பதற்கும் அமைப்பை மாற்றுவதற்கும் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நான் கண்டவரை, வீட்டைக் கைவிடச் செய்வதில் கரையானுக்கு அடுத்த இடம் பட்டாவுக்குத்தான். நிலம் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும்; ஐந்தாறு வாரிசுகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள்; யார் கூரைக்குச் செலவு செய்வது என்று தீராமலேயே கூரை விழுந்துவிடும். அதற்குள் பழைய மரம் வாங்கும் வியாபாரி வந்து நிற்பார். செங்காலுக்கு நல்ல விலை இருப்பதால் அவருக்குப் பொறுமையும் உண்டு. சிறு சொத்துகளைப் பங்கிட 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். பெரியவர்கள் இருக்கும்போதே அதைத் தொடங்குங்கள். அப்படியே அவர்களை வீட்டுக்குள் நடக்க வைத்து, எந்த அறை எப்போது கட்டியது, எந்தச் சுவர் பிறகு வந்தது என்பதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, ஒரு டேப்பை வைத்து அளந்து வரைந்துகொள்ளுங்கள். பழுதுபார்க்க வருபவருக்கு அந்த வரைபடமே பெரிய உதவி.

பேராக்கின் இப்பகுதியில் அக்டோபர், நவம்பரில் மழை உச்சத்தில் இருக்கும். ஏப்ரலிலும் வலுத்துப் பெய்யும். சுண்ணாம்பு வேலையையும் தூண் வேலையையும் மழை குறைந்த ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளலாம். கூரைப் பீலியையும் வடிகாலையும் செப்டம்பருக்குள் துப்புரவு செய்துவிட வேண்டும். குத்தகையாளரை அமர்த்தும் முன், சுண்ணாம்புப் பூச்சு பூசிய அனுபவம் உண்டா, தூணின் அடியை மட்டும் மாற்றிய வேலை ஒன்றைக் காட்ட முடியுமா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் ‘சிமெண்டே போதும்’ என்று விடை வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.