அலமாரியில் இரண்டு வாரம், தொட்டியில் ஒரு கைப்பிடி

உணவியல் ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாளையிலிருந்து கடைக்கே போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பதை வைத்து எத்தனை நாள் சமைப்பீர்கள்?" பத்து நாள் தாங்கும் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சரி, வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்து ஒரு தாளில் எழுதி வாருங்கள் என்பேன். அடுத்த முறை வரும்போது அந்தத் தாள் வேறு கதை சொல்லும். அரிசி ஒரு மாதத்துக்கு இருக்கும், பருப்பு மூன்று நாளில் தீர்ந்துவிடும். எண்ணெய் கால் பாட்டில். குடிநீர் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இந்தக் கேள்வியை நான் கேட்கத் தொடங்கியதற்குக் காரணம் தனியாக வசிக்கும் ஒரு வயதான அம்மா. நீண்ட நாளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர். ஒரு முறை காய்ச்சலில் எட்டு நாள் வெளியே போக முடியவில்லை. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று மகன் பெரிய பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தார்: நூடுல்ஸ், டின் சூப், பிஸ்கட், இனிப்பு பானப் பொடி. அக்கறையோடு வாங்கியதுதான். ஆனால் அந்தப் பெட்டியில் அவர் உடம்புக்கு ஏற்றதாக ஒன்றுகூட இல்லை. எட்டு நாளும் டீயும் பிஸ்கட்டும், பசித்தால் நூடுல்ஸும் என்று கழித்திருக்கிறார். என்னிடம் வந்தபோது சர்க்கரை எகிறியிருந்தது, கால் வீங்கியிருந்தது.

முன்னேற்பாடு என்றதும் பூகம்பம், போர், வெள்ளம் என்று மனம் பெரிய விஷயங்களுக்குப் போய்விடுகிறது. என் அனுபவத்தில் வீட்டு அலமாரி சோதிக்கப்படுவது அதைவிடச் சின்ன விஷயங்களில்தான். வீட்டில் சமைப்பவர் படுத்துவிடுகிறார். சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. வேலை போய்விடுகிறது. மூன்று நாள் மழை விடாமல் பெய்கிறது. 2020இல் ஊரடங்கு வந்தபோது உலகம் முழுக்க எல்லோருக்கும் இது ஒரே நேரத்தில் நடந்தது. மற்ற ஆண்டுகளில் ஏதோ ஒரு வீட்டில் சத்தமில்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதனால் "அவசரப் பெட்டி" என்று தனியாக ஒன்று வாங்கி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் தினமும் சாப்பிடுவதையே இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொண்டு, அதிலிருந்தே எடுத்துச் சமைத்து, எடுத்ததைத் திரும்ப நிரப்பி வந்தால் போதும். யாரும் தொடாத பெட்டி காலாவதியாகிக் குப்பைக்குப் போகும்.

இரண்டு வாரம் என்றால் எவ்வளவு? பேரிடர்களில் உணவு வழங்கும் அமைப்புகள் சராசரியாக ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்று கணக்கிட்டுத் திட்டமிடுகின்றன. அரிசி, கோதுமை போன்ற தானியங்கள் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கிலோகலோரி தரும். பருப்பு, பயறு வகைகளும் கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றலோடு, 20 கிராமுக்கு மேல் புரதமும் தரும். எண்ணெய் 100 கிராமில் 900. ஆக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் தானியம், 80 கிராம் பருப்பு, 30 கிராம் எண்ணெய் என்றால் 1,900க்குச் சற்று மேலே வந்துவிடும். மீதியை வெங்காயம், கிழங்கு, பால் பவுடர், கொட்டை வகைகள் பார்த்துக்கொள்ளும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வாரக் கணக்கு போட்டால் தானியம் 22 கிலோ, பருப்பு நாலரை கிலோ, எண்ணெய் 2 லிட்டர். இவ்வளவுதான். ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில் அடங்கிவிடும். ஒரே நாளில் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் பருப்பில் ஒரு கிலோ, எண்ணெயில் ஒரு பாட்டில் என்று சேர்த்தால் இரண்டு மூன்று மாதத்தில் சேர்ந்துவிடும். எல்லோரும் ஒரே நாளில் அள்ளினால் கையில் காசு குறைந்தவருக்குத்தான் கிடைக்காமல் போகும்.

பெரும்பாலான வீடுகளில் குறைவாக இருப்பது பருப்பு. அரிசி மூட்டையைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடுகிறது. ஆனால் தானியம் மட்டும் இருந்தால் வயிறு நிறையும், புரதம் போதாது. வளரும் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இதை முதலில் சரிசெய்யச் சொல்வேன்.

அடுத்து, சேமிப்பதைக் கெடாமல் வைப்பது. ஈரம், சூடு, காற்று, வெளிச்சம் இந்த நான்கும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தீட்டிய வெள்ளை அரிசி நன்றாகக் காய்ந்து, காற்றுப் புகாத டப்பாவில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தவிடு நீக்காத அரிசி அப்படியல்ல. தவிட்டில் உள்ள எண்ணெய் ஆறு மாதத்துக்குள்ளேயே காறத் தொடங்கிவிடும். ஆரோக்கியம் என்று நினைத்து முழுத் தானியத்தை மூட்டையாக வாங்கி வைத்து, காறல் வாடையோடு சாப்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைக் கொஞ்சமாக வாங்கி அடிக்கடி மாற்றுவதே நல்லது. வண்டுக்கு மருந்து எதுவும் போட வேண்டாம். தானியத்தை உறையில் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பிரித்துவிடாமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து ஈரம் கட்டும். எண்ணெயை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அயோடின் உப்பையும் திறந்து வைக்க வேண்டாம், ஈரக்காற்றில் அயோடின் குறைந்துகொண்டே போகும்.

பூஞ்சணம் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் ஈரம் சேர்ந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துப்போனபோது, அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கைச் சோதித்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க்கு இது ஒரு காரணம் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். வறுத்தாலும் வேகவைத்தாலும் இது முழுதாக அழியாது. "வெயிலில் காயவைத்து வறுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய கடலை குப்பைக்குத்தான். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

உப்பிய டின்னும் அப்படித்தான், திறந்துகூடப் பார்க்க வேண்டாம். காய்கறி, பயறு, இறைச்சியை வீட்டிலேயே கண்ணாடிச் சாடியில் அடைத்துச் சேமிக்க நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: புளிப்பு குறைந்த உணவில், உயிரையே பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமியின் விதைத்துகள்கள் சாதாரணக் கொதிநீரில் சாவதில்லை. 121 டிகிரி எட்டும் அழுத்தக் கலனும், சோதித்துப் பார்த்த செய்முறையும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். காயவைப்பதும் வினிகரில் ஊறுகாய் போடுவதும் வீட்டுக்குப் போதும். பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

அலமாரியில் சிவப்பு ராஜ்மா இருந்தால் ஒன்று கவனியுங்கள். அதில் இயல்பாகவே லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த மெல்லிய சூட்டில் அரைவேக்காடாக வேகவைத்தால் கடுமையான வாந்தி வரும். நெருக்கடி நேரத்தில்தான் இப்படி மிச்சம் பிடிக்கத் தோன்றும் என்பதால் சொல்கிறேன். எரிபொருள் குறைவாக இருந்தால் சீக்கிரம் வேகும் உடைத்த பருப்பை எடுங்கள்.

தண்ணீர் இல்லாமல் இதில் எதையும் சமைக்க முடியாது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று மூன்று நாளுக்காவது வையுங்கள். நான்கு பேருக்கு 48 லிட்டர். சந்தேகம் இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும்.

நோயாளி இருக்கும் வீட்டில் அலமாரிக் கணக்கு அவரிடமிருந்து தொடங்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர் டின் பயறு வாங்கினால் தண்ணீரை வடித்து, அலசிவிட்டுச் சமைத்தால் உப்பு கணிசமாகக் குறையும். இன்சுலின் போடுபவர் வீட்டில், சர்க்கரை திடீரென்று இறங்கினால் எடுக்கக் கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஒரு முறை செல்ல முடியாமல் போனால் என்ன சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். பொட்டாசியமும் நீரும் குறைந்த அவசர உணவுத் திட்டம் இதற்கென்றே இருக்கிறது. கைக்குழந்தை புட்டிப்பால் குடித்தால் அந்தப் பவுடரும் அதற்கான தண்ணீரும் தனிக் கணக்கு.

இனி தொட்டிக்கு வருவோம். மாடியில் காய்கறி போட்டால் குடும்பத்துக்குச் சாப்பாடு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு வருபவர்களிடம் கணக்கைச் சொல்லிவிடுவேன். பசலைக் கீரை 100 கிராமில் 25 கிலோகலோரிகூட இல்லை. ஒரு நாள் ஆற்றல் முழுதும் அதிலிருந்து வர வேண்டுமானால் எட்டு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். பசியை ஆற்றுவது அலமாரியின் வேலை. அலமாரியில் கிடைக்காததைத் தருவதுதான் தொட்டியின் வேலை: வைட்டமின் சி, ஃபோலேட் என்ற பி வைட்டமின், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின். காய்ந்த தானியத்திலும் பருப்பிலும் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம். நம் உடம்பாலும் அதைத் தயாரிக்க முடியாது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுக்கப்பட்ட இருவரும்தான் வேகமாகத் தேறினார்கள். அந்தக் கப்பலில் தானியத்துக்குப் பஞ்சமில்லை. பசுமையாக ஒன்றும் இல்லாததுதான் பிரச்சினை.

ஆகவே முதல் தொட்டியில் கீரை போடுங்கள். அரையடி ஆழம் மண் போதும், நான்கு மணி நேர வெயிலில் வந்துவிடும், தண்டுக்கீரை 25 அல்லது 30 நாளில் கைக்கு வரும். வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் மறுபடி துளிர்க்கும். சமைக்கும்போது வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், வைட்டமின் சியும் ஃபோலேட்டும் அதில்தான் இறங்கியிருக்கும். தக்காளி, மிளகாய் அடுத்த கட்டம். அவற்றுக்கு ஓரடி ஆழத் தொட்டியும் ஆறு மணி நேர வெயிலும் வேண்டும். தரையில் நேரடியாகப் போடுவதானால், பழைய கட்டடத்தின் பெயிண்ட் உதிர்ந்த இடமோ வாகனம் ஓடும் சாலை ஓரமோ வேண்டாம். ஈயம் கலந்த மண்ணாக இருக்கலாம், அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இடமே இல்லாதவர்களுக்கு முளைகட்டிய பயறு இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் வைட்டமின் சி உண்டாகிவிடும். ஆனால் பச்சையாகச் சாப்பிடுவதை நான் ஆதரிப்பதில்லை. முளை வளரும் அதே ஈரத்திலும் கதகதப்பிலும் கிருமியும் வளரும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையோடு பரவிய ஈ. கோலை தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நன்றாகச் சூடேறும்படி வேகவையுங்கள், கொஞ்சம் வைட்டமின் போனாலும் பரவாயில்லை.

வீட்டில் விதை எடுத்துப் போடுபவர்களுக்கு ஒன்று. சுரைக்காய், வெள்ளரி, சீமைச் சுரை இவையெல்லாம் வேறு செடியின் மகரந்தம் கலந்தால், அடுத்த தலைமுறைக் காயில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு சேரலாம். இயல்பிலேயே கசக்கும் பாகற்காயை இதில் சேர்க்காதீர்கள். மற்றவை கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். நாமே வளர்த்ததாயிற்றே என்ற பாசத்தில் உப்பும் காரமும் கூட்டிச் சாப்பிட்டு ரத்த வாந்தி வரை போனவர்கள் உண்டு.

தோட்டத்தால் எனக்கு வந்த இன்னொரு பாடம். இதய வால்வு அறுவை சிகிச்சை செய்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், மாடியில் கீரை செழித்ததும் தினமும் சாப்பிட ஆரம்பித்தார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அவரைக் கீரையை விடச் சொல்லவில்லை. வாரத்துக்கு எவ்வளவு என்று ஓர் அளவை நிலையாக வைத்துக்கொள்ளச் சொன்னோம், மருத்துவர் அதற்கேற்ப மருந்தைச் சரிசெய்தார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கீரை, தக்காளி விஷயத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அந்த அம்மாவின் அலமாரியில் இப்போது ஆறு டப்பாக்கள் இருக்கின்றன. இரண்டில் உடைத்த பருப்பு, ஒன்றில் முழுப் பயறு, ஒன்றில் ஓட்ஸ், ஒன்றில் அரிசி, சின்னதில் வறுக்காத கடலை. மூடியில் வாங்கிய தேதியை மார்க்கரால் மகன் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழையது முன்னால், புதியது பின்னால். ஜன்னலோரம் இரண்டு தொட்டிகள். போன வாரம் தொலைபேசியில் அழைத்து, கீரை பூத்துவிட்டது, இனி சாப்பிடலாமா என்று கேட்டார். தண்டு முற்றியிருக்கும், நுனி இலையை மட்டும் கிள்ளிக்கொள்ளுங்கள், ஒரு செடியை விதைக்கு விட்டுவிடுங்கள் என்றேன்.