பொம்மை காரில் தீர்ந்த பேட்டரி கடிகாரத்தில் எப்படி ஓடுகிறது?

அக்கா மகள் ஆறாவது படிக்கிறாள். போன மாதம் தம்பியின் பொம்மை காரிலிருந்து கழற்றிய இரண்டு பேட்டரிகளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "மாமா, இது ரெண்டும் செத்துப்போச்சு, கார் நகரவே மாட்டேங்குது. ஆனா அம்மா இதுல ஒண்ணை எடுத்து சுவர்க் கடிகாரத்துல போட்டா ஓடுது. செத்தது எப்படி ஓடும்?" என்று கேட்டாள். எத்தனையோ வீடுகளில் பார்த்துப் பழகிப்போய் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி இது, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளியில் படித்ததுதான். துத்தநாகம் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும், மாங்கனீஸ் டை ஆக்சைடு அதை வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒட்டிவிடாமல் நடுவில் ஈரமான உப்புப் பசையை வைத்து, எலக்ட்ரான் மட்டும் வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போகும்படி செய்தால் பேட்டரி தயார். பிரான்சின் ஜார்ஜ் லெக்லான்ஷே 1866-ல் இதைக் கண்ணாடி ஜாடியில் திரவத்தோடு செய்தார். 1886-ல் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் திரவத்தைப் பசையாக்கி, துத்தநாகத்தையே டப்பாவாக்கினார். கவிழ்த்தாலும் கொட்டாத பேட்டரி அப்படித்தான் வந்தது.

சின்ன வயதில் எங்கள் தெருப் பிள்ளைகள் தீர்ந்த பேட்டரிக் கட்டையைக் கல்லால் தட்டி உடைப்போம் (இப்போது எந்தப் பிள்ளையையும் அதைச் செய்ய விடாதீர்கள்). உள்ளேயிருந்து கரிக்குச்சி ஒன்று வரும், அதை வைத்துத் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவோம். குச்சியைச் சுற்றி ஈரமான கறுப்பு மாவு இருக்கும், விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. மாங்கனீஸ் டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த மாவு அது. வெளித்தகட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஊசி ஊசியாகத் துளைகள் தெரியும். அந்தத் தகடுதான் துத்தநாகம். ரேடியோ பாடப் பாட அது கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. இப்போது கூடுதல் விலைக்கு விற்கும் ஆல்கலைன் பேட்டரியில் இதெல்லாம் உள்வெளியாக மாறியிருக்கும்: துத்தநாகம் தூளாக நடுவில், கறுப்பு மாவு அதைச் சுற்றி, உப்புக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம், வெளியே எஃகு டப்பா.

சரி, கேள்விக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த இடம் அந்தக் கறுப்பு மாவு. அதன் ஒவ்வொரு துகளும் ஒரு படிகம். எலக்ட்ரான் ஒன்று வந்து சேரும்போது, கூடவே ஒரு ஹைட்ரஜன் அயனி, அதாவது வெறும் புரோட்டான், படிகத்துக்குள் நுழைந்து இடம் பிடிக்க வேண்டும். நுழைவது சுலபம், ஆனால் உள்ளே நகர்ந்து போக நேரமாகும். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவர்கள் எல்லாம் படிக்கட்டிலேயே நின்றுவிடுவார்கள், உள்ளே இடம் இருக்கும், ஆனாலும் அடுத்த நிறுத்தத்தில் யாரும் ஏற முடியாது. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் கத்திக் கொஞ்ச நேரம் ஆனதும் படிக்கட்டு காலியாகும். மாவிலும் இதே கதைதான். பொம்மை காரின் மோட்டார் அவசரமாக மின்சாரம் கேட்கும்போது புரோட்டான்கள் துகளின் மேற்பரப்பில் நெரிசலாக நின்றுவிடுகின்றன, வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. காரை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடுவது, அதற்குள் அவை உள்ளே நகர்ந்துவிட்டதால்தான்.

கணக்காகவும் பார்க்கலாம். பழைய பேட்டரி ஒன்று சும்மா இருக்கும்போது 1.3 வோல்ட் காட்டுகிறது, உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை, 2 ஓமாக ஏறிவிட்டது என்று வையுங்கள். மோட்டார் 0.4 ஆம்பியர் இழுத்தால் 0.8 வோல்ட் உள்ளேயே போய்விடும், வெளியே கிடைப்பது 0.5. அதில் கார் எப்படி நகரும்? கடிகாரம் நொடிக்கு ஒரு முறை, கண நேரம் மட்டும், 5 மில்லி ஆம்பியர் கேட்டால் இழப்பு 0.01 வோல்ட்தான். அந்தத் துடிப்பு முடிந்ததும் மிச்ச நொடி முழுக்க ஓய்வு, ஒவ்வொரு டிக்குக்கும் நடுவில் படிக்கட்டு காலியாகிக்கொண்டே இருக்கிறது.

மொட்டைமாடி வெயிலில் பேட்டரியைக் காயவைப்பதும் இதனால்தான் கொஞ்சம் பலித்தது. சூட்டில் அயனிகள் சுறுசுறுப்பாக நகரும், ஓய்வும் கிடைக்கும், அவ்வளவுதான். வெயில் அதில் மின்சாரத்தை ஏற்றுவதில்லை, சூடு கசிவைத்தான் சீக்கிரம் கொண்டுவரும். கடிகாரம் நின்றுபோனால் வீட்டுக்கு ஆகாது என்று பயந்து கடிகாரத்தையே தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கிறது. நின்றது ஒரு பேட்டரி, அதை மாற்றினால் தீர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நம்மிடம் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி என்றாலே இன்று லித்தியம் பேச்சுதான். ராஜஸ்தானில் துத்தநாகம் வெட்டுகிறோம், ஒடிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் மாங்கனீஸ் வெட்டுகிறோம். இந்த மலிவான இரண்டையும் வைத்து நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றும் பேட்டரி செய்வதற்குப் பெரிய தடைகளில் ஒன்று, புரோட்டான் நிறைந்து நிறைந்து குலைந்துபோகும் அதே படிகம்தான். அந்த ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் இரண்டு விஷயம் கவனியுங்கள். புதுசையும் பழசையும் ஒன்றாகப் போடாதீர்கள், முதலில் தீரும் பேட்டரி வழியாகப் புதுசு மின்சாரத்தை வலுக்கட்டாயமாகத் தள்ளும், உள்ளே வாயு சேர்ந்து கசியும். அப்புறம், ஆல்கலைன் பேட்டரியின் முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால், கசிந்த காரம் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உப்பாகியிருக்கிறது என்று அர்த்தம். வெறுங்கையால் தொடாமல், பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

அக்கா வீட்டுக் கடிகாரம் இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு முறை அதைக் கழற்றி, பின்பக்கம் வெள்ளை பூத்திருக்கிறதா என்று பார்ப்பது இப்போது மகளின் வேலை.