பெல்ட்ட இறுக்கினா வட்டம் ரவுண்டாயிடாது தம்பி

கொருக்குப்பேட்டையில இருந்து ஒரு தம்பி, வீட்ல வெச்சிருக்கிற சின்ன சிஎன்சிய (கம்ப்யூட்டர் சொல்றபடி மோட்டாரும் பெல்ட்டும் நகத்தி வெட்டுற மெஷின்) ஆட்டோல போட்டு எடுத்துனு வந்தாரு. அக்ரிலிக்ல கேரம் ஸ்ட்ரைக்கர் வெட்டுறாராம், எல்லாம் ஓரம் சப்பையா வருதாம், "பெல்ட் லூசுன்னு நெனச்சி நல்லா டைட் பண்ணேண்ணா, இன்னும் மோசமாயிடுச்சு"ன்றாரு. மோட்டார கையால சுத்தினா முன் பேரிங் கரகரன்னுது. இதே கதை திரும்பத் திரும்ப வருது, அதான் எழுதுறேன்.

எவனோ கெளப்பி விட்டுட்டான், பெல்ட்ட தட்டினா கிட்டார் கம்பி கணக்கா டொய்ங்னு கேக்கணும்னு. எந்த இடத்துல தட்டுனீங்க? கேன்ட்ரி, அதான் வெட்டுற தலைய சொமந்துனு நகர்ற குறுக்குச் சட்டம், நடுவுல நின்னா ஒரு சத்தம், ஓரத்துல நின்னா வேற சத்தம், தட்டுற பக்கத்து பெல்ட் துண்டோட நீளம் மாறுதுல்ல. டென்ஷன் ஏற ஏற அக்யூரசி ஏறாது பாஸ். திரும்பும்போது லூசு இல்லாம இருக்கிற அளவு வந்தாச்சுன்னா அவ்ளோதான், அதுக்கு மேல நீங்க இறுக்குறதெல்லாம் மோட்டார் ஷாஃப்ட் மேலயும் ஐட்லர் (பெல்ட் திரும்புற எடத்துல மோட்டார் இல்லாம சும்மா சுத்துற சக்கரம்) பேரிங் மேலயும்தான் போய் உக்காரும், மோட்டார் திணறும், ஸ்டெப் (மோட்டார் ஒவ்வொரு தடவையும் சுத்துற சின்ன அடி) விடும், அப்புறம் "மோட்டார ஓட்டுற டிரைவர் போர்டு டூப்ளிகேட்டுண்ணா"ன்னு வேற வந்து நிப்பீங்க.

அந்தத் தம்பி மெஷின்ல நெஜமான கோளாறு இன்னா தெரியுமா? புல்லி, அதான் மோட்டார் ஷாஃப்ட்ல மாட்டியிருக்கிற பல் சக்கரம், அத ஷாஃப்டோட புடிச்சி வெக்கிற சின்ன கிரப் ஸ்க்ரூ லூசு. பெல்ட்டுல கை வெக்கிறதுக்கு முன்னாடி புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் சேத்து மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க, ஓட்டுங்க, கோடு வெலகுச்சுன்னா பெல்ட் மேல தப்பே இல்ல. ஸ்க்ரூ ஷாஃப்டோட தட்டையான பக்கத்துல உக்காரணும். ஸ்க்ரூ கழலாம புடிக்கிற ப்ளூ லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும், பிளாஸ்டிக் வீல் மேல பட்டுச்சுன்னா வீல் விரிசல் விடலாம்.

இன்னொரு கூத்து, சாஃப்ட்வேர்ல ஒரு எம்எம்முக்கு எத்தனை ஸ்டெப்ன்ற கணக்க மாத்துறது. 2 எம்எம் பிட்ச் (பல்லுக்குப் பல் தூரம்) பெல்ட், 20 பல் புல்லி, ஒரு சுத்துக்கு 40 எம்எம். ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் டிரைவர் 16 மைக்ரோஸ்டெப்பா பிரிக்குது, மொத்தம் 3200. 40ஆல வகுத்தா எம்எம்முக்கு 80. இத ஏன் 80.7ன்னு மாத்துறீங்க? 10 எம்எம் வெட்டுனாலும் 0.2 தப்பு, 200 எம்எம் வெட்டுனாலும் அதே 0.2 தப்புன்னா அது லூசு. ஸ்டெப் தப்பா இருந்தா 200ல 4 எம்எம் போயிருக்கும்.

செட் பண்றது ஈசி. டயல் கேஜ் (சின்ன நகர்வ முள்ளால காட்டுற அளவுக் கருவி) வெச்சி ஒரு பக்கமா நவுத்தி ஜீரோ பண்ணுங்க, எதிர்ப்பக்கமா 1 எம்எம் நவுத்துங்க, அந்த 1 எம்எம்ல எவ்ளோ குறையுதோ அதான் உங்க ப்ளே, அதாவது ஆட்டம். லூசுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினே வாங்க, ப்ளே கொறையுறது நின்னதும் கைய எடுத்துடுங்க. அப்பவும் ப்ளே மீதி இருந்தா வீல தண்டவாளத்தோட ஒட்ட வெக்கிற எக்சென்ட்ரிக் நட்ட பாருங்க. கேன்ட்ரிய முன்னபின்ன நகத்த ரெண்டு Y மோட்டார் இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே டென்ஷன், இல்லன்னா கேன்ட்ரி கோணிக்கும்.

பவர் ஆஃப் பண்ணாம புல்லிகிட்ட வெரல் கொண்டுபோகாதீங்க, ப்ளீஸ். ஆஃப்ல இருக்கும்போதும் கேன்ட்ரிய சர்ருனு தள்ளாதீங்க, மோட்டார் ஜெனரேட்டர் ஆயி டிரைவருக்கு கரண்ட் திருப்பி அனுப்பும். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஸ்டீல் கம்பி போட்ட பெல்ட் ஸ்ட்ராங்னு சொன்னா வாங்கிறாதீங்க, இந்தச் சின்ன புல்லில வளைஞ்சி வளைஞ்சி உள்ள கம்பி அறுந்துடும். கண்ணாடி நார் பெல்ட்டே போதும். அதுலயும் ஓரத்துல வெள்ளை நூல் பிரிஞ்சி தெரிஞ்சா டைட் பண்ணிப் பாக்க வேணாம், மாத்திடுங்க.