தோட்டாப் பஞ்சத்தில் கொள்ளை விலை எப்படிப் பிறக்கிறது?

துப்பாக்கித் தோட்டா ஒன்றைப் பிரித்துப் போட்டால் நான்கு பாகங்கள் கிடைக்கும்: பித்தளை உறை, அதற்குள் புகையற்ற வெடிமருந்து, முனையில் குண்டு, அடிப்பகுதியின் நடுவில் பிரைமர். பிரைமர் என்பது சுமார் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகக் கிண்ணம். விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி அதன் முதுகில் அடிக்கிறது. கிண்ணத்துக்கும் அதனுள் பொருத்தப்பட்ட சிறு பட்டடைக்கும் இடையில் ஈய ஸ்டிஃப்னேட் கலந்த ரசாயனக் கலவை நசுங்கித் தீயைக் கக்குகிறது, வெடிமருந்து பற்றிக்கொள்கிறது. அமெரிக்காவில் 2019 வரை ஆயிரம் பிரைமர்கள் ஏறத்தாழ 30 டாலருக்குக் கிடைத்தன. ஒன்றின் விலை மூன்று சென்ட். 2021இல் இணைய ஏலங்களில் அதே ஆயிரத்துக்கு 200 டாலருக்கு மேல் கேட்டார்கள். வாங்கவும் ஆள் இருந்தது.

நான்கு பாகங்களில் இதற்கு மட்டும் ஏன் இந்த மவுசு? அந்நாட்டில் லட்சக்கணக்கானோர் சுட்டு முடித்த உறைகளைப் பொறுக்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் கைவிசைக் கருவியை வைத்து மறுபடியும் நிரப்புகிறார்கள். செலவைக் குறைக்க இது பழைய வழி. உறை பல தடவை உழைக்கும். குண்டு கிடைக்காவிட்டால் ஈயத்தை உருக்கி வார்த்துக்கொள்ளலாம். ஒரு பவுண்டு மருந்தில் கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் ஆயிரத்துக்கு மேல் நிரப்பலாம். ஆனால் பிரைமர் தோட்டாவுக்கு ஒன்று என்ற கணக்கில் தேவை. ஒருமுறை அடிபட்டால் முடிந்தது. அதை வீட்டில் செய்ய நினைப்பது விரல்களையும் கண்களையும் பணயம் வைப்பதாகும். எது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சும்மா கிடக்குமோ, அந்தப் பொருளில்தான் பஞ்ச காலத்து விலை ஏறுகிறது.

அதைச் செய்பவர்களும் குறைவு. அமெரிக்காவில் பிரைமர் தயாரிக்கும் பெரிய பெயர்கள் சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் ஆகிய நான்குதான். இவை நான்கும் முழுத் தோட்டாக்களையும் செய்து விற்கின்றன. பிரைமரைத் தனியாக விற்பதைவிடத் தங்கள் தோட்டாவுக்குள் வைத்து விற்றால் லாபம் அதிகம். எனவே நெருக்கடி வந்தால் உற்பத்தி முதலில் சொந்தத் தோட்டாக்களுக்கே போகிறது. சில்லறையாக வாங்கி நிரப்புபவருக்கு எஞ்சியதுதான். இந்த நேரம் பார்த்து 2020 ஜூலையில் ரெமிங்டன் திவாலானது. ஆர்கன்சா மாநிலம் லோனோக்கில் இருந்த அதன் தோட்டா ஆலையை விஸ்டா அவுட்டோர் நிறுவனம் சுமார் 8.1 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபெடரலும் சிசிஐயும் ஏற்கெனவே அதே நிறுவனத்தின் கையில் இருந்தவை.

மறுபக்கம் தேவை பொங்கி எழுந்தது. 2020 மார்ச்சில் கொரோனா, கோடையில் தெருக் கலவரங்கள், நவம்பரில் அதிபர் தேர்தல். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ. பிரிவு 2019இல் 2.84 கோடி சோதனைகளைச் செய்தது. 2020இல் அது 3.97 கோடி. அந்த ஆண்டில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்று தொழில்துறைச் சங்கமான என்.எஸ்.எஸ்.எஃப் மதிப்பிட்டது. ஆளுக்கு ஐம்பது தோட்டாக்கள் கொண்ட இரண்டு பெட்டிகள் என்று வைத்தாலே 84 கோடித் தோட்டாக்கள் கூடுதலாக வேண்டும். பழைய வாடிக்கையாளர்களின் பதற்றம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்தப் பதற்றம்தான் விஷயத்தின் மையம். மாதம் இரண்டு பெட்டி வாங்கியவர், அடுத்த மாதம் கிடைக்காதோ என்று பத்துப் பெட்டி வாங்குகிறார். அவர் சுடுவது கூடவில்லை. அலமாரி மட்டும் காலியாகிறது. காலி அலமாரியைப் பார்த்தவர் அடுத்த கடைக்கு ஓடுகிறார். கடைக்காரரோ, கேட்டதில் பாதிதான் வரும் என்று தெரிந்து மூன்று மொத்த வியாபாரிகளிடம் இரட்டிப்பாக ஆர்டர் கொடுக்கிறார். வாடிக்கையாளரிடம் தொடங்கிய சிறு அசைவு, ஆலையை அடையும்போது பேரலையாகிவிடுகிறது. சாட்டையைச் சொடுக்கினால் பிடியைவிட நுனி பல மடங்கு வேகமாக வீசுவதுபோல என்பதால், விநியோகச் சங்கிலியைப் படிப்பவர்கள் இதைச் ‘சாட்டை விளைவு’ என்கிறார்கள்.

பற்றாக்குறையில் விலை ஏறத்தான் செய்யும். அதில் குற்றம் காண நான் வரவில்லை. பித்தளை, ஈயம், கூலி, வண்டி வாடகை ஏறினால் ஆலை விலையும் ஏறும். கொள்ளை விலை வேறு. செலவு கூடாமலே, எதிரில் நிற்பவரின் அவசரத்தை அளந்து போடும் விலை அது. 1986இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி இருந்தது: 15 டாலருக்குப் பனி அள்ளும் மண்வெட்டி விற்ற கடை, பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் அதை 20 டாலர் ஆக்கினால் நியாயமா? 82 சதவீதம் பேர் நியாயமில்லை என்றார்கள். செலவு ஏறியதால் விலையைக் கூட்டினால் அதே மக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். மக்களின் மனத்தராசு இதில் தெளிவாகவே இருக்கிறது.

விலை ஏறினால்தான் புதிய சரக்கு சந்தைக்கு வரும் என்பது பொருளாதாரப் பாடம். மாதங்களில் உற்பத்தியைக் கூட்டக்கூடிய பொருளுக்கு அது பொருந்தும். பிரைமர் ஆலை எழுப்ப ஆண்டுகள் ஆகும். தொட்டால் வெடிக்கும் ரசாயனத்தைக் கையாளப் பழகிய ஆட்களும் வேண்டும். ஆக, பஞ்சத்தின் முதல் ஆண்டில் ஏறிய விலை பிரைமர் உற்பத்தியைப் பெரிதாகக் கூட்டுவதில்லை; பெரும்பாலும் இருப்பதைக் கைமாற்றுகிறது, அவ்வளவுதான். கொள்ளை விலையில் கிடைக்கும் லாபம் ஆலைக்கும் போவதில்லை. லாரி வரும் நாளை விசாரித்து, விடியலில் கடை வாசலில் நின்று, பழைய விலைக்கு வாரிக்கொண்டு போய் மறுநாள் மும்மடங்குக்கு விற்பவருக்கே போகிறது.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின், துப்பாக்கிச் சட்டம் இறுகும் என்ற அச்சத்தில் .22 தோட்டாக்களுக்கு இதே கதி நேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் தட்டுப்பாடு நீடித்தது. அதன் பற்றவைக்கும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் வீட்டில் மறுநிரப்புவதும் எளிதல்ல. குழந்தைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கப் பயன்படும் மிக மலிவான தோட்டா அதுதான்.

சட்டம் என்ன செய்கிறது? விலைக் கொள்ளைக்கு எதிராக அமெரிக்க மத்தியச் சட்டம் இல்லை, மாநிலச் சட்டங்கள்தான். அவையும் பெரும்பாலும் அவசரநிலை அறிவித்தால்தான் விழித்துக்கொள்கின்றன. கலிஃபோர்னியா உணவு, எரிபொருள், மருந்துப் பொருள் போன்றவற்றின் விலை 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்கிறது. டெக்சஸ் எரிபொருள், உணவு, மருந்து என்று பட்டியலிட்டு, கடைசியில் ‘பிற அத்தியாவசியப் பொருள்’ என்கிறது. தோட்டா அத்தியாவசியமா என்பதில் அந்த நாடே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மேலும் பிரைமரை அமெரிக்கத் தபாலில் அனுப்பத் தடை. அபாயப் பொருள் கட்டணம் கட்டித் தனியார் கூரியரில்தான் வரவழைக்க வேண்டும். இதனால் தூரத்துக் கடையிலிருந்து ஒரே ஒரு பெட்டி வாங்குவது கட்டுப்படியாகாது. உள்ளூர்ச் சந்தையில் குவித்து வைத்திருப்பவருக்கு இது தானாக அமைந்த கோட்டை.

என் பார்வையில், சட்டத்தைவிட அதிகம் உதவியது கடைகளின் எளிய ஏற்பாடுதான்: பழைய விலை, ஆளுக்கு ஒரு பெட்டி. இது பதுக்கலை முழுக்க ஒழிக்காது. குடும்பத்தோடு வரிசையில் நிற்பவர்கள் உண்டு. ஆனாலும் பதற்றத்தின் வேகத்தை இது குறைக்கிறது. விலையை ஏற்றிக் கட்டுப்படுத்த முயன்றால், ஏறும் விலையையே ‘இப்போதே வாங்கு’ என்ற எச்சரிக்கையாக மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

2023 வாக்கில் பிரைமர் மறுபடியும் அலமாரிகளில் தென்படத் தொடங்கியது. விலை இறங்கியது, ஆனால் பழைய 30 டாலருக்குத் திரும்பவில்லை, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலேயே நின்றது. அதற்குள் நெருக்கடி வெடிமருந்துப் பக்கம் நகர்ந்தது. புகையற்ற வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சு இழையிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸை அமிலத்தில் நைட்ரேற்றம் செய்து தயாரிப்பது. உக்ரைன் போருக்கான பீரங்கிக் குண்டுகளும் அதையே கேட்கின்றன. 2024ஐ ஒட்டி அமெரிக்கத் தோட்டா நிறுவனங்கள் வெடிமருந்துத் தட்டுப்பாட்டைச் சொல்லி விலையேற்றக் கடிதங்களை அனுப்பின. அந்தச் செய்தி பரவிய உடனேயே வெடிமருந்து டப்பாக்களும் கடைகளிலிருந்து மறையத் தொடங்கின.