வீட்டை விற்கிறீர்களா என்று கடிதம் போடுவதற்கு முன்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்களின் தபால் பெட்டியில், "உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்" என்ற கடிதம் அடிக்கடி வந்து விழும். அடுத்த வீட்டை அதே வழியில் பிடிக்கலாமே என்ற யோசனை அங்கிருந்துதான் பிறக்கிறது. தப்பில்லை. ஆனால் புதிதாக இறங்குபவர்கள் காகிதம் மஞ்சளா வெள்ளையா என்று இரண்டு வாரம் பேசிவிட்டு, யாருக்கு அனுப்புவது என்பதை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். பணம் அங்கேதான் கரைகிறது.

டெக்சஸில் ஒவ்வொரு கவுன்டியிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் சொத்துப் பதிவேடு வைத்திருக்கிறது. உரிமையாளர் பெயர், வீட்டின் முகவரி, வரி பில் போகும் முகவரி, கடைசிப் பத்திரத்தின் தேதி, ஹோம்ஸ்டெட் விலக்கு (உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) உண்டா என எல்லாம் அதில் இருக்கும். பில் வேறு மாநிலத்துக்குப் போகிறது, ஹோம்ஸ்டெட் இல்லை, பத்திரம் 15 வருடத்துக்கு முந்தையது: இந்த மூன்றும் ஒரே வரியில் சேர்ந்தால் அது அனுப்பத் தகுந்த பெயர். கடனில் பெரும்பகுதி தீர்ந்திருக்க வாய்ப்பு உண்டு, வாடகைக்காரரோடு மல்லுக்கட்டி அலுத்தும் போயிருக்கலாம். ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துப் பட்டியல் எடுத்தால், விற்கும் எண்ணமே இல்லாதவர்களுக்குத்தான் தபால்தலை ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். வங்கி, பில்டர், பெரிய நிறுவனங்களின் பெயர்களை நீக்குங்கள். ஒருவருக்கே ஐந்து வீடு இருந்தால் ஐந்து கடிதம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தால் மொத்தமாகக் குப்பைக்குத்தான்.

வரி பாக்கிப் பட்டியல் எல்லோரும் கேட்பது. அதற்கு ஒரு பருவம் இருக்கிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டெக்சஸில் சொத்து வரிக்குக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரியில் எடுக்கும் பட்டியலில் மறந்தவர்களும், போனஸ் வரட்டும் என்று காத்திருப்பவர்களும் நிரம்பியிருப்பார்கள். பிப்ரவரியில் 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் ஏறும். மாதாமாதம் கூடிக்கொண்டே போய், ஜூலையில் அபராதம் 12, வட்டி 6 என்று நிற்கும். அதற்கு மேல் வசூல் வக்கீலுக்கான கட்டணமாக 20 சதவீதம் வரை சேரலாம். இதையெல்லாம் பார்த்தும் கட்டாமல் ஜூலையைத் தாண்டியவர்தான் உண்மையில் சிக்கலில் இருப்பவர். பட்டியலை ஆகஸ்டில் எடுங்கள். 65 வயதைக் கடந்தவர்கள் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் வரியைச் சட்டப்படியே தள்ளிப்போடலாம். பாக்கி இருப்பதைப் பார்த்து அவருக்கு "வீடு போய்விடும்" என்ற தொனியில் எழுதினால், ஒன்றுமில்லாததற்கு ஒரு முதியவரைக் கலங்கடித்ததாகும்.

கடன் கட்டாததால் ஏலத்துக்கு வரும் வீடுகளின் பட்டியலில், அதாவது ஃபோர்க்ளோஷர் பட்டியலில், நாட்கள்தான் கணக்கு. டெக்சஸில் ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அதற்குக் குறைந்தது 21 நாளுக்கு முன் கவுன்டி கிளர்க்கிடம் அறிவிப்பு பதிவாகும். பதிவான அன்றே எல்லா முதலீட்டாளர்களும் பார்க்கிறார்கள். அச்சுக்கு மூன்று நாள், தபாலில் நான்கு நாள் போனால் மிஞ்சுவது இரண்டே வாரம். அதற்குள் டைட்டில் கம்பெனி (சொத்தின் உரிமையைச் சரிபார்க்கும் நிறுவனம்) பத்திரத் தேடலை முடித்து, வங்கியிடம் கடன் தீர்க்கும் தொகையை எழுத்தில் வாங்கியாக வேண்டும். ரொக்கமும் பழகிய டைட்டில் கம்பெனியும் கையில் இல்லாதவர்கள் இந்தப் பட்டியலைத் தொடாமல் இருப்பதே நல்லது. எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று எழுதப்படும் கடிதங்கள் இங்கேதான் அதிகம். "முதலில் உங்கள் வங்கியிடம் தவணை மாற்றம் கேட்டுப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் குடி முழுகிவிடாது.

இறந்தவர் பெயரில் இருக்கும் வீடு என்றால், கடிதம் உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் நியமித்த எக்ஸிக்யூட்டர் பெயருக்கு, அவர் குடியிருக்கும் முகவரிக்குப் போக வேண்டும். இறந்தவர் பெயருக்கே "அன்புள்ள" என்று போட்டு அனுப்புவதைவிட மோசமான தொடக்கம் கிடையாது. உயில் இல்லாவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். அழைப்பவர் மூத்த மகனாக இருப்பார். வேறு மாநிலத்தில் ஒரு தங்கை இருப்பது டைட்டில் கம்பெனி சொல்லித்தான் தெரியவரும். முதல் போனிலேயே "கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டுவிடுங்கள்.

கடிதத்தின் வாசகம் சின்னதாக இருக்கட்டும். வீட்டின் முகவரி, உங்கள் பெயர், வாங்க விருப்பம், தொலைபேசி எண். ஆறேழு வரி போதும். "இறுதி அறிவிப்பு" என்று சிவப்பில் அடிப்பது, அரசு முத்திரை மாதிரி ஏதாவது போடுவது எல்லாம் வேண்டாம். பில் போலத் தோன்றும் விளம்பரத்தில் "இது பில் அல்ல" என்ற அறிவிப்பு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அஞ்சல் சட்டம். தபால்தலை ஒட்டாத துண்டுப்பிரசுரத்தை மற்றவரின் தபால் பெட்டியில் செருகுவதும் சட்டப்படி குற்றம்.

மொத்தமாக அனுப்பும்போது மார்க்கெட்டிங் மெயில் என்ற விளம்பரத் தபால் மலிவு, 200 கடிதம் இருந்தாலே போதும். ஆனால் முகவரியில் ஆள் இல்லாவிட்டால் அது பொதுவாகத் திரும்பி வராது, அங்கேயே கழிக்கப்படும். சாதாரணத் தபாலான ஃபர்ஸ்ட் கிளாஸ் கடிதம் புது முகவரிக்குத் திருப்பிவிடப்படும், முடியாவிட்டால் உங்களிடமே திரும்பும். அப்படித் திரும்பியதை வீசாதீர்கள். "காலி வீடு" என்று தபால்காரர் குறித்து அனுப்பிய உறை, விலை கொடுத்து வாங்கும் எந்தப் பட்டியலிலும் கிடைக்காத தகவல். அந்த உரிமையாளரைத் தேடிப் பிடித்து எழுதுங்கள். முதல் சுற்றை ஃபர்ஸ்ட் கிளாஸில் அனுப்பிப் பட்டியலைச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்தடுத்த சுற்றுகளுக்கு மலிவுத் தபாலுக்கு மாறலாம்.

ஒரே தடவை அனுப்பிவிட்டு "வேலைக்காகவில்லை" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடப்பது. கடிதம் வந்த நாளில் அவருக்கு விற்கத் தேவை இருந்திருக்காது. வாடகைக்காரர் இரண்டு மாதம் கழித்துத்தான் பாக்கி வைத்துவிட்டு ஓடுவார். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒன்றாக, ஐந்தாறு தடவையாவது போக வேண்டும். 1,000 பெயர், ஆறு சுற்று என்றால் 6,000 கடிதம். 2025 ஜூலையில் 78 சென்ட் ஆன சாதாரணத் தபால்தலையை ஒட்டினால் தபால்தலைக்கு மட்டுமே 4,680 டாலர். கையில் அவ்வளவு இல்லையென்றால் பெயர்களை 300 ஆகக் குறையுங்கள், சுற்றைக் குறைக்காதீர்கள்.

போன் அடிக்கும்போது எடுக்க ஆள் வேண்டும். வேலை நேரத்தில் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு வாய்ஸ்மெயிலுக்கு விட்டால், அவர் அடுத்த கடிதத்தில் இருக்கும் எண்ணைச் சுழற்றுவார். ஒவ்வொரு பட்டியலுக்கும் தனி எண் வைத்தால் எந்தப் பட்டியல் அழைப்பு கொண்டுவருகிறது என்று தெரியும். பேசும்போது விலைக்கு முன்னால் நான்கு விஷயம்: ஏன் விற்கிறார், எப்போதைக்குள், வீட்டின் நிலை என்ன, கடன் எவ்வளவு பாக்கி.

விலைக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. பழுது பார்த்தபின் 3,00,000 டாலர் போகும் வீடு என்றால், அதில் 70 சதவீதம் 2,10,000. பழுதுச் செலவு 40,000 கழித்தால் 1,70,000 டாலர்தான் உச்சம். அந்த 3,00,000 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வழுக்கும். டெக்சஸில் விற்பனை விலையைப் பொதுப் பதிவில் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இணையதளம் காட்டும் மதிப்பீட்டை நம்பாமல், ஏஜென்ட் ஒருவர் மூலம் அதே தெருவில் அண்மையில் விற்றவற்றின் விலையைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்காமல் ஒப்பந்தத்தை மட்டும் இன்னொருவருக்குக் கைமாற்றிக் காசு பார்க்கும் ஹோல்சேலிங் எண்ணம் இருந்தால், விற்பது வீடு அல்ல, ஒப்பந்த உரிமைதான் என்பதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது 2017இல் வந்த டெக்சஸ் சட்டம். இல்லினாய்ஸில் 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் இப்படிச் செய்ய உரிமம் தேவை. கலிபோர்னியாவில் ஃபோர்க்ளோஷரில் இருக்கும் வீட்டை, அதில் குடியிருப்பவரிடம் வாங்கினால், ஐந்து வேலை நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய அவருக்கு உரிமை உண்டு. பேரம் எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியிலேயே ஒப்பந்தமும் இருக்க வேண்டும் என்றும் அங்கே விதி. தமிழில் பேசி முடித்தால் பத்திரமும் தமிழில்தான்.

"இனி அனுப்பாதே" என்று திட்டுவதற்காகவே சிலர் அழைப்பார்கள். அந்த முகவரியை அன்றே நீக்குப் பட்டியலில் ஏற்றி, ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பை அதனோடு ஒப்பிட்டுவிடுங்கள்.