பாய்காட்: துரையின் பெயர், ஊரின் வேலை

உலகக் கோப்பையோ ஒலிம்பிக்கோ பேர் கெட்ட ஒரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், யாராவது ஒரு வீரரிடம் மைக்கை நீட்டிக் கேட்டுவிடுவார்கள்: "நீங்கள் ஏன் பாய்காட் செய்யவில்லை?" 2022இல் கத்தார் கால்பந்து உலகக் கோப்பையின்போது இந்தக் கேள்வி ஓயவே இல்லை. மைதானம் கட்ட வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கதி, தன்பாலினத்தவருக்கு எதிரான சட்டம் என்று கேட்பதற்குக் காரணமும் இருந்தது. எனக்கு அந்தக் கேள்வியில் இடிப்பது அதிலுள்ள சொல்தான். பாய்காட் என்பது ஒரே ஒரு ஆள் செய்யக்கூடிய காரியமா? சொல்லின் பிறந்த கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பாய்காட் ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்துவிட்டு, பிற்பாடு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் லாக் மாஸ்க் ஏரிக்கரையில் குடியிருந்தார். எர்ன் பிரபு என்ற நிலப்பிரபுவுக்கு அங்கே ஏஜென்ட். நம் பக்கத்து வழக்கில் ஜமீன் காரியஸ்தர் என்று வைத்துக்கொள்ளலாம். 1880இல் குடியானவர்கள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கி வரவில்லை. கொடுக்காதவர்களைக் காலி செய்யச் சொல்லி, செப்டம்பரில் பாய்காட் துரை நோட்டீஸ் அனுப்பினார்.

அதே மாதம் 19ஆம் தேதி, எனிஸ் என்ற ஊரில் ஐரிஷ் தலைவர் பார்னெல் ஒரு கூட்டத்தில் பேசினார். அண்டை வீட்டுக்காரனை விரட்டிவிட்டுப் பிடுங்கிய நிலத்தை இன்னொருவன் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வது என்று கேட்டார். கூட்டத்திலிருந்து "சுடணும்" என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார் பார்னெல்: சாலையில் கண்டால் ஒதுங்குங்கள், கடையில் ஒதுங்குங்கள், சந்தையில் ஒதுங்குங்கள், கோயிலிலும் ஒதுங்குங்கள், அந்தக் காலத்துத் தொழுநோயாளியைப்போல அவனைத் தனியே விட்டுவிடுங்கள்.

பாய்காட் துரை மீது இந்த வைத்தியம்தான் பாய்ந்தது. பண்ணையாட்கள் வேலைக்கு வரவில்லை, வீட்டு வேலைக்காரர்கள் போய்விட்டார்கள், கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டேன் என்றார், பக்கத்து ஊர்க் கடைகளில் சாமான் கிடைக்கவில்லை. பயிர் வயலில் நின்றது. கடைசியில் வடக்கிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களைக் காக்க ராணுவமும் போலீசும் வந்தன. சுமார் 500 பவுன் விளைச்சலை வீடு சேர்க்க அரசாங்கத்துக்கு 10,000 பவுன் செலவானதாகக் கணக்கு சொல்வார்கள். டிசம்பர் தொடக்கத்தில் துரை குடும்பத்தோடு அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார்.

சொல் பிறந்த தருணத்தை ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பதிவு செய்திருக்கிறார். உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ'மாலியோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். இந்தப் போராட்டத்துக்கு ஒரு பேர் வேண்டும், 'ஆஸ்ட்ரசிசம்' என்று எழுதினால் குடியானவர்களுக்குப் புரியாதே என்று கவலைப்படுகிறார். பாதிரியார் யோசித்துவிட்டு, 'பாய்காட் செய்வது' என்று சொன்னால் என்ன என்கிறார். அவ்வளவுதான். சில வாரங்களில் லண்டன் பத்திரிகைகளுக்கும், சில வருடங்களில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளுக்கும் போய்விட்டது. (கைவிடப்பட்ட ஆஸ்ட்ரசிசமும் சுவையான சொல்தான். பழங்கால கிரேக்கத்தின் ஏதென்ஸில் பானை ஓட்டில் பேரெழுதிப் போட்டு ஒருவரை ஊரைவிட்டு அனுப்பும் வழக்கம் அது. நம் உத்திரமேரூர்க் குடவோலையில் ஓலையைப் பானைக்குள் போட்டு ஆளை உள்ளே எடுத்தார்கள். அவர்கள் பானையையே உடைத்து வெளியே தள்ளியிருக்கிறார்கள்.)

மேயோவில் நடந்ததைப் படிக்கிற தமிழருக்கு அது ஒன்றும் புதிதாக இருக்காது. கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. நம் ஊரில் இதற்குப் பேர் ஊர்விலக்கு. 'ஊரைவிட்டுத் தள்ளிவைத்துவிட்டார்கள்' என்பது பேச்சு வழக்கு. செய்முறையில் இரண்டும் ஒன்றுதான், திசைதான் வேறு. நம் ஊர்விலக்கு பெரும்பாலும் எளியவர் தலையில், அதிலும் சாதி மாறிக் கல்யாணம் செய்தவர் தலையில் விழுகிறது. பாய்காட்டில் எளியவர்கள் சேர்ந்து வலியவரைத் தள்ளிவைத்தார்கள். அதனாலேயே அதற்கு ஒரு புதுப் பேர் தேவைப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, தமிழில் என்ன சொன்னோம்? முதலில் வந்தது பகிஷ்காரம். சமஸ்கிருதத்தில் 'பஹிஸ்' என்றால் வெளியே, 'காரம்' என்றால் ஆக்குவது. சாதியிலிருந்து வெளியேற்றுவதற்குப் பயன்பட்ட பழைய சொல். சுதேசி இயக்கக் காலத்தில் அந்நியத் துணி பகிஷ்காரம் என்று அரசியலுக்கு வந்தது. மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் மிகச் சரியான சொல், ஏனென்றால் ஊர்விலக்கின் வாசனை அதில் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று வயதானவர்கள் வாயில் மட்டும் கேட்கலாம். இலங்கையில் கதை வேறு. அங்கே பகிஷ்கரிப்பு இன்றும் உயிரோடு உலவுகிறது. தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் என்பதை அங்கே பணிப்பகிஷ்கரிப்பு என்று எழுதுவார்கள். 1931இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பில் சுயராஜ்யம் இல்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கில் நான்கு தொகுதிகள் 1934 வரை காலியாகவே கிடந்தன. ஊர் கூடிச் செய்தது என்பதால் சொல் அங்கே பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் பகிஷ்காரத்தின் இடத்தைப் பிடித்தது புறக்கணிப்பு. நீதிமன்றப் புறக்கணிப்பு, வகுப்புப் புறக்கணிப்பு, தேர்தல் புறக்கணிப்பு. நல்ல தமிழ்ச்சொல், குறையேதும் இல்லை. ஆனால் அதன் பொருள் கொஞ்சம் தளர்வானது. புறம், கணி என்று பிரித்தால், கணக்கில் சேர்க்காமல் வெளியே விடுவது. பாராமுகமாக இருப்பது. 'அரசு எங்கள் ஊரைப் புறக்கணிக்கிறது', 'பிள்ளைகள் என்னைப் புறக்கணித்துவிட்டார்கள்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். இதற்கு ஊர் கூட வேண்டியதில்லை. ஒரே ஆள் செய்யலாம், கோபமே இல்லாமல் வெறும் சோம்பலிலும் செய்யலாம். பெரும்பாலும் வலியவர்தான் எளியவரைப் புறக்கணிக்கிறார். மேயோவில் நடந்ததை அப்படியே புரட்டிப்போட்டது மாதிரி.

விளையாட்டுக்கு வரும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவை உலகம் செய்தது அசல் பாய்காட். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அழைப்பில்லை, 1970இல் ஒலிம்பிக் சங்கமே வெளியேற்றியது. கிரிக்கெட்டில் 1970 முதல் 1991 வரை எந்த நாடும் அவர்களோடு அதிகாரபூர்வமாக டெஸ்ட் ஆடவில்லை. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் சோவியத் அணியை வென்று இறுதிக்கு வந்தது இந்தியா. அணியில் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். எதிரே தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது, கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போனது. சகோதரர்கள் இருவருக்கும் அரிதாக வரும் வாய்ப்பு. முடிவு அரசாங்கத்துடையது, விலை அவர்களுடையது. ஆனாலும் அந்த விலை வீண் போகவில்லை, ஏனென்றால் அந்த ஊர்விலக்கில் ஊர் என்று ஒன்று இருந்தது. 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணி திரும்பி வந்தபோது முதல் ஆட்டம் கொல்கத்தா ஈடன் கார்டனில்தான்.

ஊர்விலக்கை மீறிச் சோறு போட்டவர்களுக்கும் தண்டனை உண்டு என்பது இதில் ஒரு நுட்பம். 1982இல் திருட்டுத்தனமாகத் தென்னாப்பிரிக்கா போய் ஆடிய இங்கிலாந்து வீரர்களுக்கு 3 வருடத் தடை. அதே வருடம் போன இலங்கை வீரர்களுக்கு அவர்கள் வாரியம் போட்டது 25 வருடத் தடை. அந்த இங்கிலாந்து அணியில் முக்கியமான ஒருவர் யார் தெரியுமா? ஜெஃப்ரி பாய்காட். பாய்காட்டை உடைக்கப் போனவர் பெயர் பாய்காட். கதையில் எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக் இதற்கு நேர்மாறு. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா போகவில்லை. 60க்கும் மேற்பட்ட நாடுகள் வரவில்லை. 80 நாடுகள் வந்தன. பாதி ஊர் பந்தியில் உட்கார்ந்திருக்க, மீதிப் பாதி கோபித்துக்கொண்டு போனால் அது விலக்கிவைப்பாகாது, புறக்கணிப்புதான். சோவியத் படை 1989 வரை ஆப்கானிஸ்தானை விட்டுப் போகவில்லை. 1984இல் பதிலுக்கு அவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வரவில்லை. இந்தியா மாஸ்கோ போனது. மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா எல்லாம் இல்லாத ஹாக்கிப் போட்டியில் மொத்தம் 6 அணிகள். இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம். கேப்டன் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன். நம் ஹாக்கி அணியின் கடைசி ஒலிம்பிக் தங்கம் இன்றுவரை அதுதான். யார் வரவில்லை என்று பதக்கத்தில் எழுதியிருக்காது.

அப்படியானால் தமிழில் எதை எழுதுவது? நாடுகளும் சங்கங்களும் சேர்ந்து ஒருவரை வெளியே நிறுத்தினால் விலக்கிவைத்தல் என்று எழுதலாம் என்பது என் கட்சி. 'தள்ளிவைப்பு' இன்னும் நெருக்கம்தான், ஆனால் 'ஒலிம்பிக் தள்ளிவைப்பு' என்று எழுதினால் தேதி மாறிவிட்டது என்று நினைப்பார்கள். வெறும் 'விலக்கு' என்றால் வரிவிலக்கு ஞாபகம் வரும். தாமாகப் போகாமல் இருப்பவர்களுக்குப் புறக்கணிப்பு இருக்கவே இருக்கிறது. ஒரு வீரர் தனியாக 'நான் வரவில்லை' என்றால் அது மறுப்பு. மறுப்பு மதிப்புள்ள காரியம், ஆனால் அதற்கு ஊர்விலக்கின் பலனைக் கேட்கக் கூடாது. மைக்கை நீட்டுபவர்கள் கேட்பது அதைத்தான். எண்ணெயும் எரிவாயுவும் வாங்குகிற அரசாங்கங்களும், போட்டியை அங்கே கொடுத்த சங்கங்களும் செய்ய வேண்டியதை 23 வயதுப் பையன் தலையில் கட்டுகிறார்கள்.

2003 கிரிக்கெட் உலகக் கோப்பையில் இது அப்பட்டமாக நடந்தது. இங்கிலாந்து ஓர் ஆட்டம் ஹராரேயில் ஆட வேண்டும், ஜிம்பாப்வேயில் முகாபேயின் அடக்குமுறை ஆட்சி. பிரிட்டிஷ் அரசாங்கம் 'போகாமலிருந்தால் நல்லது' என்றது, போகாதே என்று உத்தரவிடவில்லை. கிரிக்கெட் வாரியம் அரசாங்கத்தைப் பார்த்தது. நடுவில் கேப்டன் நாசர் உசேன், சென்னையில் பிறந்தவர், இந்த முடிவை எங்களிடம் விடாதீர்கள் என்று மன்றாடிக்கொண்டிருந்தார். கடைசியில் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆடாமல் விட்டார்கள். புள்ளிகள் ஜிம்பாப்வேக்குப் போயின, இங்கிலாந்து அடுத்த சுற்றுக்குப் போகவில்லை.

அதே ஹராரேயில் மூன்று நாள் முன்பு, பிப்ரவரி 10 அன்று, ஜிம்பாப்வே வீரர்கள் இருவர் ஆட வந்தார்கள். ஆண்டி ஃபிளவர், நாட்டின் தலைசிறந்த பேட்ஸ்மேன். ஹென்றி ஒலோங்கா, ஜிம்பாப்வேக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர். இருவர் கையிலும் கறுப்புப் பட்டி. எங்கள் அன்புக்குரிய நாட்டில் ஜனநாயகம் இறந்துவிட்டது, அதற்குத் துக்கம் காக்கிறோம் என்று அறிக்கை கொடுத்துவிட்டு, நமீபியாவோடு ஆடினார்கள். இதற்குப் பாய்காட் என்று பேர் வைக்க முடியாது, அவர்கள் ஆட்டத்தை விட்டுப் போகவே இல்லை. நம் அரசு ஊழியர்கள் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலைக்குப் போவார்களே, அந்த வகை. செய்தியில் சர்வசாதாரணமாக 'கறுப்பு பேட்ஜ் அணிந்து பணிபுரிந்தனர்' என்று வரும். இந்த நான்கு சொல்லுக்கு ஈடான ஒற்றைச் சொல் எனக்குத் தெரிந்து ஆங்கிலத்தில் கிடையாது. தனி ஆளால் செய்ய முடிவதும் இதுதான். ஆனால் மலிவான காரியமில்லை. ஒலோங்காவுக்குக் கொலை மிரட்டல் வந்தது, கிளப் அவரை நீக்கியது, உலகக் கோப்பை முடிந்ததும் நாட்டை விட்டே போனார். இருவரும் அதன்பின் ஜிம்பாப்வேக்கு ஆடவில்லை. கத்தாரில் தன்பாலினத்தவருக்கு ஆதரவாகக் கையில் பல நிறப் பட்டியோடு வரத் திட்டமிட்ட ஐரோப்பியக் கேப்டன்கள், மஞ்சள் அட்டை காட்டுவோம் என்று ஃபிஃபா சொன்னதும் கழற்றி வைத்தார்கள். ஜெர்மன் அணி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டது.

இப்போது புதிதாக ஒரு சொல் சுற்றுகிறது, ராஜதந்திரப் புறக்கணிப்பு. அதிகாரிகள் போகாமல் வீரர்கள் மட்டும் போவது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவும் பிரிட்டனும் இதைச் செய்தன. 2020 கல்வான் எல்லை மோதலில் இருந்த சீன ராணுவ அதிகாரியின் கையில் ஒலிம்பிக் தீபத்தைக் கொடுத்ததால் கடைசி நேரத்தில் இந்தியாவும் சேர்ந்துகொண்டது. தூதரகத்திலிருந்து விழாவுக்கு யாரும் போகவில்லை, தூர்தர்ஷன் தொடக்க விழாவை ஒளிபரப்பவில்லை. அந்த விழாவில் இந்தியக் கொடியைப் பிடித்து நடந்தவர் ஆரிஃப் கான், காஷ்மீரைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர். இந்தியாவிலிருந்து போயிருந்த ஒரே போட்டியாளர் அவர்தான். ஜயண்ட் ஸ்லாலம் என்ற பனிச்சறுக்குப் போட்டியில் 45ஆவதாக வந்தார்.